இரண்டு ஆறு, இரண்டு ரயில்

கோலாலம்பூருக்குக் கிளம்பும்போது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்று என் போனில் இருந்தது. பதினேழு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த ரயில், எந்த நிலையம், எங்கே மாற வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். செந்தூலில் மாமா வீட்டில்தான் தங்கல். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டியலை அவரிடம் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, போனைத் தள்ளிப் பிடித்து, மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"இவ்வளவுக்கும் ரயில்லயே ஏறி எறங்கிக்கிட்டு இருப்பியா மாப்ள? ஊரை எப்பப் பாப்ப?"

அப்புறம் அவரே சொன்னார். "நாளைக்கு மஸ்ஜித் ஜாமெக்ல எறங்கு. எறங்கினா சாயங்காலம் வரைக்கும் வேற எதுலயும் ஏறாத. கால் இருக்குல்ல?"

அவர் வரவில்லை. முட்டி வலி. அதனால் சனிக்கிழமை காலை நான் மட்டும் கிளம்பினேன்.

செந்தூலிலிருந்து மஸ்ஜித் ஜாமெக் ஐந்தாவது நிலையம். தித்திவாங்சா, பிடபிள்யூடிசி, சுல்தான் இஸ்மாயில், பண்டாராயா, அடுத்தது அதுதான். எல்.ஆர்.டி. என்று இங்கே எல்லோரும் சொல்லும் இலகு ரயில் பெரும்பாலும் தூண்கள் மேல் ஓடுவதால் ஜன்னலோர இடம் கிடைத்தால் வீடுகளின் மொட்டை மாடி, காயும் துணி, தொட்டிச் செடி எல்லாம் இலவசக் காட்சி. செந்தூல் பக்கமிருந்து போகிறவர்களுக்கு ஒரு நிம்மதி: அம்பாங் ரயிலானாலும் ஸ்ரீ பெட்டாலிங் ரயிலானாலும் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். இரண்டும் சான் சோவ் லின் வரை ஒரே பாதையில் போய்த்தான் பிரிகின்றன. டிக்கெட்டுக்குப் பதில் இயந்திரம் நீல நிறத்தில் வட்டமாக ஒரு பிளாஸ்டிக் டோக்கனைத் துப்புகிறது. உள்ளே போகும்போது அதைத் தொட்டுக் காட்டினால் போதும், வெளியே வரும்போது பொந்தில் போட்டுவிட வேண்டும். பார்க்கக் கேரம் காய் மாதிரி இருக்கும். சட்டைப்பையில் சில்லறையோடு கலந்துவிட்டு, வெளியேறும் கதவுக்கு முன்னால் நின்று எல்லாப் பையையும் துழாவியவர்களில் நானும் ஒருவன். பின்னால் வரிசை. அடுத்த நாளே பணம் ஏற்றி வைத்துக்கொள்ளும் டச் அண்ட் கோ அட்டை வாங்கிவிட்டேன்.

மஸ்ஜித் ஜாமெக்கில் இரண்டு தடங்கள் குறுக்கிடுகின்றன. நான் வந்த அம்பாங் தடம் உயரத்தில், கிளானா ஜெயா தடம் பூமிக்கடியில். முதலாவது 1996 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. இரண்டாவது 1998, 1999 என்று இரண்டு கட்டமாகத் திறக்கப்பட்டது. ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ரயில் அது. முன் கண்ணாடியோரம் நின்றால் சுரங்கம் நம்மை நோக்கி வருவது தெரியும். அந்த இடத்தைப் பிடிக்கக் குழந்தைகளோடு பெரியவர்களும் போட்டி போடுகிறார்கள். இரண்டு தடங்களையும் முதலில் வேறு வேறு நிறுவனங்கள் நடத்தியதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் வெளியே வந்து, புதிதாக டிக்கெட் எடுத்து, மறுபடி உள்ளே நுழைய வேண்டுமாம். 2011 கடைசியில்தான் உள்ளுக்குள்ளேயே மாறும் வசதி வந்தது. "ஒரே பேரு, ஒரே எடம், ரெண்டு டிக்கெட்டு" என்று மாமா இன்னமும் நேற்று நடந்த அநியாயம் போலச் சொல்கிறார்.

உயரமான பிளாட்பாரத்திலேயே சற்று நின்றேன். பக்கத்திலேயே தென்னைக்கும் பனைக்கும் நடுவில் பள்ளிவாசலின் வெள்ளைக் குவிமாடங்கள். இவ்வளவு பெரிய ஊரில், பார்க்கப் போகிற கட்டடத்தை டிக்கெட் கொடுத்து வெளியேறும் முன்பே பார்த்து முடித்துவிடலாம் போல இருந்தது.

ஆனால் முதலில் பசி. பள்ளிவாசல் எங்கே ஓடிவிடப் போகிறது என்று எதிர்த் திசையில் ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கம் நடந்தேன். இது தப்பு என்பது பிறகு தெரிந்தது.

மஸ்ஜித் இந்தியா தெரு திருச்சி பெரிய கடை வீதியைத் தூக்கி வந்து வைத்தது போல இருந்தது. பட்டுச் சேலை, சரிகை வேட்டி, பித்தளைக் குத்துவிளக்கு, மல்லிகைச் சரம், பாகு காய்ச்சும் வாசனை. அதோடு மலாய்ப் பெண்களுக்கான தலைத்துணிக் கடைகள், பாஜு குரோங் துணிகள். தெருவுக்குப் பெயர் தந்த மஸ்ஜித் இந்தியா, இந்திய முஸ்லிம் வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டில் மரத்தால் எழுப்பிய பள்ளிவாசல். இப்போதிருக்கும் கட்டடம் 1960களில் வந்தது. வாசலருகில் இரண்டு பெரியவர்கள் தமிழில் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாமாக் கடை ஒன்றில் உட்கார்ந்தேன். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளுக்கு இங்கே அதுதான் பெயர். நம்முடைய 'மாமா'வேதான். பக்கத்து மேசையில் ஒரு மலாய் இளைஞர் "அனே!" என்று கூப்பிட்டார். முதலில் புரியவில்லை. பரிமாறுகிறவர் திரும்பியதும்தான் அது 'அண்ணே' என்று உறைத்தது. அதன்பிறகு காது அதே வேலையாகிவிட்டது. மலாயில் கடைக்கு 'கெடாய்', கப்பலுக்கு 'காப்பால்', கட்டிலுக்கு 'காத்தில்', சுருட்டுக்கு 'செருத்து'. இந்து கோயிலுக்கு 'குயில்'. பெயர்ப்பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறபோது திடீர் திடீரென்று சொந்தக்காரர் முகம் தெரிகிறது.

நாசி கண்டார் சாப்பிட்டேன். சோறு, அதன்மேல் நாம் காட்டுகிற குழம்புகள். பினாங்கில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தூக்கி விற்றதால் வந்த பெயர். மலாயில் கண்டார் என்றால் அந்தக் காவுதல். "பஞ்சிர்?" என்று கேட்டார் அண்ணன். பஞ்சிர் என்றால் வெள்ளம். மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிச் சோற்றை மூழ்கடிப்பது. சரி என்றேன். நம் ஊரில் குழம்பு கலந்தால் அம்மா முறைப்பாள். இங்கே அதுதான் சாப்பாடு.

வெள்ளத்தை முடித்து, இழுத்து ஆற்றித் தரும் பால் தேநீரான தே தாரிக் ஒன்றையும் குடித்துவிட்டு, நிதானமாகப் பள்ளிவாசலுக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டே முக்கால். வாசலில் இருந்தவர் பணிவாகக் கையை நீட்டிப் பலகையைக் காட்டினார். தொழுகை நேரம். பார்வையாளர்கள் இரண்டரைக்கு மேல் வரலாம். வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் கறாராம். நானாகத் தேடிக்கொண்ட வினை. போகிறவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்: காலையிலேயே பள்ளிவாசல், அப்புறம் சோறு.

ஆனால் அந்த ஒன்றே முக்கால் மணி நேரம் வீணாகவில்லை. ஆற்றைச் சுற்றிக்கொண்டு மறுகரைக்குப் போனேன்.

கோலா என்றால் ஆறு சேரும் இடம், லும்பூர் என்றால் சேறு. மஸ்ஜித் ஜாமெக் நிற்பது அந்தச் சேரும் இடத்தின் முனையில். தெற்கே நின்று பள்ளிவாசலைப் பார்த்தால் இடப்பக்கம் வருவது கோம்பாக், வலப்பக்கம் வருவது கிளாங். கூடிய பிறகு பெயர் கிளாங்தான். காவிரியும் கொள்ளிடமும் பிரியும் ஊரிலிருந்து போனவனுக்கு இது சற்றே ஏமாற்றம். இரண்டும் கான்கிரீட் கரைக்குள் அடங்கி, தேநீர் நிறத்தில் ஓடுகின்றன. இருட்டிய பிறகு நீல விளக்கும் பனிபோலப் புகையும் விடுகிறார்கள். நதிக்கு ஒப்பனை. பகலில் பார்ப்பதுதான் நேர்மையாக இருப்பதாக எனக்குப் பட்டது.

1857இல் சிலாங்கூர் அரச குடும்பத்து ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளிகள் வெள்ளீயம் தேடி கிளாங் ஆற்றில் படகில் வந்தார்கள். இந்த முனைக்கு மேல் படகு போக முடியவில்லை. இங்கே இறங்கிக் காட்டு வழியாக அம்பாங்கிற்கு நடந்தார்கள். காய்ச்சலில் அவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலேயே செத்துப்போனார்கள். பின்னாலேயே வேறு ஆட்கள் வந்தார்கள். ஈயம் கிடைத்தது. சாமான் இறக்கும் இடத்தில் கடை, கடையைச் சுற்றி வீடு என்று ஊர் வளர்ந்தது. படகு நின்ற இடத்தில்தான் இன்று ரயில் நிற்கிறது. மற்ற ஊர்களில் பார்க்க வேண்டிய இடங்களுக்குப் பக்கமாக நிலையம் கட்டுவார்கள். இங்கே ஊரே இந்த இறங்குமிடத்தைச் சுற்றித்தான் முளைத்தது. அதனால்தான் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. மாமா 'வேற எதுலயும் ஏறாத' என்றதன் பொருள் அந்தக் கரையில் நின்றபோதுதான் விளங்கியது.

கோம்பாக்கைத் தாண்டினால் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். செங்கல் சிவப்பும் வெள்ளைப் பட்டையும், செப்புக் குவிமாடங்களும், 41 மீட்டர் மணிக்கூண்டும். 1897இல் முடிந்தது. விக்டோரியா அரசியின் வைர விழாவை ஒட்டி அந்த மணி முதன்முதலாக ஒலித்தது. நிலையத்திலிருந்து ஐந்தாறு நிமிட நடை. சென்னையைத் தெரிந்தவர்களுக்கு இது புதுக் கட்டடமாகவே தோன்றாது. உயர் நீதிமன்றத்தின் பக்கவாட்டில் நிற்கிற நினைப்பு வரும். இரண்டும் இந்தோ-சாரசெனிக் பாணி. சென்னை உயர் நீதிமன்றம் 1892, இது அதற்கு ஐந்து வருடம் இளையது. கட்டடக் கலைஞர் நார்மன் முதலில் ஐரோப்பியப் பாணியில்தான் வரைந்தாராம். மாநிலப் பொறியாளர் ஸ்பூனருக்கு அது பிடிக்கவில்லை. அவர் அதற்கு முன்னால் இலங்கையில் வேலை பார்த்தவர். முஸ்லிம் நாட்டுக்கு இஸ்லாமியத் தோற்றம் வேண்டும் என்று மாற்றச் சொன்னார். முகலாயக் குவிமாடத்தை மலாய் மண்ணுக்குப் பொருத்தம் என்று முடிவு கட்டியது வெள்ளைக்காரர் ஒருவர் என்பது வேடிக்கைதான். மலாய்க்காரர்கள் அதுவரை கட்டிய பள்ளிவாசல்களில் பெரும்பாலும் அடுக்குக் கூரைதான் இருந்தது.

எதிரே மெர்டேக்கா சதுக்கம். மெர்டேக்கா என்றால் விடுதலை. 1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி நள்ளிரவில் இங்கேதான் யூனியன் ஜாக் கொடி இறங்கியது. மறுநாள் காலை முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலைப் பிரகடனம் வாசித்தது சற்றுத் தள்ளியுள்ள மெர்டேக்கா ஸ்டேடியத்தில். அதற்கு முன்னால் இந்தப் புல்வெளி துரைமார்கள் கிரிக்கெட் ஆடிய இடம். ஓரத்தில் 1884இல் தொடங்கிய அவர்களுடைய கிளப் இன்னமும் இருக்கிறது. உச்சி வெயிலில் அந்தத் திறந்த வெளியைக் கடப்பது பெரிய வீரம் ஒன்றும் இல்லை, மடத்தனம். கொடிமரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நிழலுக்கு ஓடி வந்தேன்.

இரண்டரைக்கு மறுபடி பள்ளிவாசல். கட்டணம் இல்லை. அரைக்கால் சட்டையோடு வந்தவர்களுக்கும் தலை மூடாத பெண்களுக்கும் அங்கி கொடுக்கிறார்கள். எனக்கு முழுக்கால் சட்டை இருந்ததால் தப்பித்தேன்.

பழைய மலாய் இடுகாடு இருந்த இடம் இது. 1908இல் அடிக்கல், 1909 டிசம்பரில் திறப்பு. வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையமும் அவர் கைவேலைதான். அடுத்த வருடமே, 1910இல் முடிந்தது. ஒரே ஆள் ஊருக்குப் பள்ளிவாசலையும் ரயில் நிலையத்தையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வரைந்திருக்கிறார். இரண்டுக்கும் குவிமாடம் வைத்திருக்கிறார். 1965இல் தேசியப் பள்ளிவாசல் வரும்வரை நகரின் தலைமைப் பள்ளிவாசல் இதுதான். 2017இல் சுல்தான் அப்துல் சமாட் பெயரையும் இதற்குச் சேர்த்தார்கள்.

தேதிகளை எல்லாம் விட்டுவிடுவோம். உள்ளே நுழைந்ததும் என்னை நிறுத்தியது காற்று. மூன்று பக்கமும் வளைவுகள், சுவர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு ஆற்றின் மேலாகவும் வருகிற காற்று வளைவுகளுக்குள் நுழைந்து போகிறது. வெளியே அனல், உள்ளே பளிங்குத் தரை உள்ளங்காலுக்குக் குளிர்ச்சி. தொழுகை முடிந்தும் போகாத சிலர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கைப்பையைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். நம் கோயில் பிராகாரங்களில் மதியம் மூன்று மணிக்குக் காணும் அதே காட்சி. தலைக்கு மேலே அவ்வப்போது என் ரயில் ஒன்று நிலையத்துக்குள் நுழையும் சத்தம். தூங்கியவர் அசையவில்லை.

நாலு மணிக்கு மழை. கோலாலம்பூர் மழை தூறி முன்னறிவிப்பெல்லாம் செய்யாது. வானம் கறுத்தது, இடித்தது, கொட்டியது. இந்த முனையைச் சுற்றியுள்ள தெருக்கள் பல தடவை வெள்ளத்தில் மூழ்கியவை. 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கத்தைக் கட்டியதே அதற்காகத்தான். ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் நீளம், நடுவில் ஒரு பகுதியில் கார் போகலாம், பெருமழை வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை விடுவார்கள். சாப்பாட்டுத் தட்டில் மட்டும் இல்லை, இந்த ஊரில் வெள்ளம் எல்லா இடத்திலும் உண்டு.

குடை இல்லை. ஆனாலும் நனையாமல் லெபோ அம்பாங் வரை போய்விட்டேன், ஒரு தெருவைக் கடக்கும் ஓட்டம் தவிர. பழைய கடை வீடுகளின் முன்னால் மேல்மாடி நீண்டு நடைபாதைக்குக் கூரையாகும். காக்கி லீமா என்பார்கள், அதாவது ஐந்தடி. வெயிலுக்கும் மழைக்கும் ஒரே மருந்து. நம் ஊர்த் திண்ணையை எல்லா வீட்டுக்கும் சேர்த்து நீட்டிவிட்டது போல.

லெபோ அம்பாங்கைப் பழைய ஆட்கள் செட்டித் தெரு என்கிறார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் வரிசையாக இருந்த தெரு. கிட்டங்கி என்ற சொல்லைக் காரைக்குடிப் பக்கம் கேட்டிருப்பீர்கள். ஒரே நீளக் கூடத்தில் பல செட்டியார்கள், ஆளுக்கொரு பாய், ஆளுக்கொரு சாய்மேசை, ஒரு பெட்டி. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை. மூன்று வருடக் கணக்கு முடித்து ஊருக்குப் போய், மறுபடி கப்பலேறுவார்கள். ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கடன் கொடுத்த பணம் இந்த மாதிரிக் கூடங்களில் தரையில் உட்கார்ந்துதான் எண்ணப்பட்டது. இப்போது அந்தக் கட்டடங்களில் பணம் மாற்றும் கடையும் சாப்பாட்டுக் கடையும் இருக்கின்றன. நான் மழைக்கு ஒதுங்கியதும் ஒரு பணம் மாற்றும் கடை வாசலில்தான். தொழில் பெரிதாக மாறவில்லை.

அந்த 87 பேர் நடந்த காட்டு வழி இந்தத் தெருப் பக்கமிருந்துதான் அம்பாங்கை நோக்கிக் கிளம்பியது. பெயரே சாட்சி.

மழை விட்டதும் தெற்கே நடந்தேன். மேடான் பசாரில் 1937இல் ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டுக்காக வைத்த குட்டி மணிக்கூண்டு, அதைத் தாண்டிச் சென்ட்ரல் மார்க்கெட். ஒரு காலத்தில் மீன், காய்கறிச் சந்தை, இப்போது பாத்திக் துணியும் சாவிக்கொத்தும். சாவிக்கொத்துகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அங்கிருந்து சில நிமிடத்தில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 1873இல் தம்புசாமி பிள்ளை தொடங்கியது. முதலில் ரயில் நிலையப் பக்கம் இருந்து, 1885இல் இந்த இடத்துக்கு வந்தது. பத்துமலையில் வேல் நட்டவரும் அவரே. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்குக் கிளம்புவது இந்த வாசலிலிருந்துதான். கோபுரம் சின்னத் தெருவில் திடீரென்று எழுந்து நிற்கிறது. ஈரத் தரையில் மல்லிகையும் சாம்பிராணியும். அம்மாவுக்காக ஓர் அர்ச்சனை. அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டதும் தடுமாறி, வாட்சாப்பில் அம்மாவையே கேட்டுச் சொன்னேன்.

இங்கிருந்து பசார் செனி நிலையம் கூப்பிடு தூரம். ஏறியிருந்தால் ஒரே நிறுத்தத்தில் மஸ்ஜித் ஜாமெக். கால் கெஞ்சியது. ஆனால் மாமாவுக்குக் கொடுத்த வாக்கு. நடந்தே திரும்பினேன்.

இருட்டும்போது துவாங்கு அப்துல் ரஹ்மான் சந்தில் சனிக்கிழமை இரவுச் சந்தை. குச்சியில் குத்திச் சுடும் சாத்தே இறைச்சியின் புகை, கரும்புச் சாறு, பத்து வெள்ளிக்கு மூன்று என்று கூவி விற்கும் சட்டைகள். ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். கூட்டத்தில் நடக்க வேண்டியதில்லை, அதுவே தள்ளிக்கொண்டு போய்விடும். அத்தைக்கு ஒரு பாத்திக் கைலி வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். அன்றைக்கு என் இரண்டாவது டோக்கன்.

வீட்டில் மாமா தேநீரோடு காத்திருந்தார். எங்கெங்கே போனேன் என்று கேட்கவில்லை. "ஆறு ரெண்டும் சேர்ற எடத்தைப் பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன். கோப்பையிலிருந்து மேசைமேல் சிந்தியிருந்த தேநீரில் விரலைத் தோய்த்து இரண்டு கோடுகள் இழுத்து ஒன்றாக்கினார். அந்த முனையிலிருந்து வலப்பக்கமாக மூன்றாவது கோடு ஒன்று.

"இது அம்பாங்குக்கு அவனுங்க நடந்த வழி. அப்புறம் வெள்ளக்காரன் ஈயத்துக்காக அம்பாங்குக்கு ரயில் போட்டான். பழைய தண்டவாளப் பாதை. நாங்கள்லாம் பாத்தது. கொஞ்ச வருசம் சும்மா கெடந்துச்சு. அதுமேலதான் இந்த எல்.ஆர்.டி.ய விட்டாங்க."

போனை எடுத்துப் பட்டியலைப் பார்த்தேன். அன்று பார்த்த ஏழு இடங்களை அழித்தேன். அடுத்தது இரட்டைக் கோபுரம், மஸ்ஜித் ஜாமெக்கிலிருந்து கிளானா ஜெயா தடத்தில் மூன்றாவது நிறுத்தம்.

"நாளைக்கு?" என்றேன்.

"அம்பாங் போ. கடைசி ஸ்டேஷன் வரைக்கும்."

"அங்க என்ன மாமா இருக்கு?"

"ஒன்னும் இல்ல," என்றார் அவர், மேசையைத் துடைத்துக்கொண்டே. "போயிட்டு வா."